நாட்ச், விண்ட், ஹெட்ஜ்ஹாக்: மூன்றையும் அடைத்தால் மார்பகப் புற்றுநோய் திரும்பாதா?

கேள்வி இதுதான்: கீமோதெரபியில் கட்டி கரைந்துபோன பெண்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி வருகிறது. மிஞ்சிப்போன புற்றுநோய் ஸ்டெம் செல்கள்தான் (தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, முழுக் கட்டியையும் மறுபடி உண்டாக்கக்கூடிய செல்கள்) அதற்குக் காரணம், அவற்றை நாட்ச், விண்ட், ஹெட்ஜ்ஹாக் என்று செல்லுக்குச் செய்தி கடத்தும் சமிக்ஞைப் பாதைகள்தான் வாழவைக்கின்றன என்று படித்தேன். அப்படியானால் அந்த மூன்றையும் மருந்தால் அடைத்துவிட வேண்டியதுதானே? சாலினோமைசின் என்ற மருந்து அந்தச் செல்களைக் கொல்கிறதாமே, அதை ஏன் யாரும் தருவதில்லை?

நியாயமான கேள்வி. மருந்து நிறுவனங்களே இதே கணக்கைப் போட்டுப் பெரும் பணத்தை இறக்கிப் பார்த்தன. கணக்கு எங்கே இடறியது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. அந்தப் பாதைகள் புற்றுநோயின் தனிச் சொத்து இல்லை. குடலும் எலும்பும் தோலும் அவற்றை வைத்துத்தான் அன்றாடம் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ஸ்டெம் செல் என்பது ஒரு செல் வகிக்கும் பதவி. நாற்காலியில் இருப்பவரை வெளியேற்றினால், வரிசையில் நிற்கும் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நாற்காலியைப் போட்டு வைத்திருப்பது எது என்பதுதான் உண்மையான கேள்வி.

அந்தப் பதவி எப்படித் தெரியவந்தது? 2003-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முஹம்மது அல்-ஹஜ், மேக்ஸ் விச்சா, மைக்கேல் கிளார்க் ஆகியோர் நோயாளிகளின் மார்பகப் புற்றுச் செல்களை மேற்பரப்புப் புரதங்களை வைத்துப் பிரித்தார்கள். சிடி44 அதிகமாகவும் சிடி24 மிகக் குறைவாகவும் உள்ள செல்களில் வெறும் நூறை எடுத்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலிகளுக்குள் வைத்தபோது கட்டி வளர்ந்தது. அந்த அடையாளம் இல்லாத செல்களைப் பல்லாயிரக்கணக்கில் வைத்தும் வளரவில்லை. அதைவிடச் சுவாரசியம், புதிதாக வளர்ந்த கட்டியைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு வகைச் செல்களும் இருந்தன. விதைத்தது ஒரு வகை, விளைந்தது முழுக் கட்டி. ரத்தப் புற்றுநோயில் இதை டொரன்டோவில் ஜான் டிக் குழுவினர் 1990-களிலேயே காட்டியிருந்தார்கள். திடக் கட்டி ஒன்றில் காட்டியது அதுதான் முதல்முறை.

2007-ல் இன்னொரு அடையாளம் வந்தது: ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. அது மும்முரமாக வேலை செய்யும் செல்களும் கட்டியை உருவாக்கின. ஆனால் இந்தக் கூட்டமும் சிடி44 கூட்டமும் ஒன்றில்லை, கொஞ்சமாகத்தான் மேற்படிகின்றன. இரண்டு அடையாளமும் சேர்ந்த செல்கள் என்றால் இருபதே போதும். பின்னால் 2014-ல் மிச்சிகன் குழுவே இதற்கு ஒரு விளக்கம் சொன்னது: சிடி44 வகைச் செல்கள் கட்டியின் விளிம்பில், பிளவுபடாமல் அடங்கிக் கிடப்பவை, ஊர்ந்து போகக்கூடியவை. நொதி வகைச் செல்கள் உள்ளே, வேகமாகப் பெருகுபவை. ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை எல்லாம் எலியின் உடம்பில் நடப்பவை. 2008-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை வைத்து வேறொரு குழு, எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளைப் பயன்படுத்திப் பார்த்தபோது, சராசரியாக நான்கில் ஒரு செல் கட்டியை உருவாக்கியது. அதாவது 'அபூர்வமான செல்' என்பதில் ஒரு பங்கு செல்லின் குணம், ஒரு பங்கு எலியின் குணம். மார்பகத்தில் ஸ்டெம் செல் கருத்து அதற்குப் பிறகும் நிலைத்து நிற்கிறது. ஆனால் 'கட்டியில் இத்தனை சதவீதம்தான் ஸ்டெம் செல்' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த எலியில், எந்த அடையாளத்தை வைத்து என்று கேட்பது நல்லது.

எலி இல்லாமலும் ஒரு சோதனை உண்டு, அதைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். மார்பகச் செல்கள் சாதாரணமாகத் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஒட்ட முடியாத தட்டில், சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத வளர்ப்பு நீரில், கொஞ்சம் வளர்ச்சிக் காரணிகளை மட்டும் கொடுத்து மிதக்கவிட்டால் பெரும்பாலான செல்கள் ஓரிரு நாளில் செத்துவிடும். பற்றிக்கொள்ள இடமில்லை என்றால் தற்கொலை செய்துகொள்வது ஆரோக்கியமான திசுச் செல்லின் ஒழுக்கம். தாக்குப்பிடிக்கும் சில செல்கள் மட்டும் ஒன்று இரண்டாகி, நான்காகி, ஏழெட்டு நாளில் நுண்ணோக்கியில் முசுக்கொட்டைப் பழம் போலத் தெரியும் குட்டி உருண்டையாகும். மம்மோஸ்ஃபியர் என்பது அதன் பெயர். அந்த உருண்டையை உதிர்த்துத் தனித்தனிச் செல்லாக்கி மறுபடி மிதக்கவிட வேண்டும். இரண்டாம் சுற்றிலும், மூன்றாம் சுற்றிலும் உருண்டை வருகிறதா என்பதுதான் சோதனை. தன்னையே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் திறன் இருந்தால்தான் அது நடக்கும். செல்களை நெருக்கமாகப் போட்டுவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டை போலக் காட்சியளிக்கும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் அதையும் எண்ணிவிட்டு 'எங்கள் மருந்து பலிக்கவில்லை' என்பார்கள். இந்தத் துறையில் வந்த முரண்பட்ட முடிவுகளில் ஒரு பகுதிக்கு இதுபோன்ற சின்னச் சின்னக் கவனக்குறைவுகள்தான் காரணம் என்பது என் கருத்து.

சரி, பாதைகளுக்கு வருவோம். அதற்கு முன் ஆரோக்கியமான மார்பகத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மார்பகம் பிறந்த பிறகும் திரும்பத் திரும்பக் கட்டி எழுப்பப்படும் உறுப்பு. பருவமடையும்போது ஒருமுறை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒருமுறை, பால் நின்றதும் இடித்துச் சுருக்கம். 2006-ல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றும் கனடாக் குழு ஒன்றும் தனித்தனியாக, ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் இருந்து எலியின் முழுப் பால் சுரப்பியை வளர்த்துக் காட்டின. 2010-ல் இன்னொன்று தெரிந்தது: எலியின் இனப்பெருக்கச் சுழற்சியில் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் உச்சத்தைத் தொடும்போது இந்த ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை 14 மடங்கு வரை ஏறுகிறது. இத்தனைக்கும் அந்த ஸ்டெம் செல்களில் புரோஜெஸ்டெரோன் ஏற்பியே (செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) கிடையாது. பக்கத்துச் செல் ஹார்மோனைக் கேட்டு, ராங்க்-எல், விண்ட்4 என்ற புரதங்களைச் சுரந்து ஸ்டெம் செல்லுக்குத் தகவல் சொல்கிறது. ஸ்டெம் செல் தானாக முடிவெடுப்பதில்லை, அக்கம்பக்கம் சொல்வதைக் கேட்டு நடக்கிறது.

நாட்ச் பாதை இந்த அக்கம்பக்கப் பேச்சின் சுத்தமான வடிவம். பழ ஈ ஒன்றின் இறக்கை விளிம்பில் வெட்டு விழுந்திருந்ததைப் பார்த்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு வைத்த பெயர் அது. மனிதரில் நான்கு நாட்ச் ஏற்பிகள் உள்ளன. அவற்றைத் தூண்டும் ஜாக்டு, டெல்டா வகைப் புரதங்கள் மிதந்து வருவதில்லை, பக்கத்துச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கின்றன. ஆகவே தொட்டால்தான் பேச்சு. தொட்டதும் பக்கத்துச் செல் அந்த ஏற்பியைப் பிடித்து இழுக்கும். இழுத்த இழுப்பில் வெளியே ஒரு நொதி நறுக்கும், அப்புறம் சவ்வுக்குள்ளேயே காமா-செக்ரிடேஸ் என்ற இரண்டாவது கத்தரி நறுக்கும். அறுபட்ட உள்துண்டு நேராக உட்கருவுக்குள் போய், மரபணுக்களின் மேல் உட்கார்ந்து ஹெஸ், ஹே குடும்ப மரபணுக்களை எழுப்பும். இடையில் தரகர் யாரும் இல்லை. அந்த ஹெஸ், ஹே மரபணுக்கள் 'இப்போதைக்கு முதிர வேண்டாம்' என்று செல்லைப் பிடித்து வைப்பவை.

மார்பகப் புற்றில் நாட்ச்1-ம் நாட்ச்4-ம் ஸ்டெம் செல்களில் கூடுதலாக ஒலிக்கின்றன. இந்தப் பாதைக்குக் கடிவாளம் போடும் நம்ப் என்ற புரதம் பல கட்டிகளில் காணாமல் போயிருக்கிறது. எனவே காமா-செக்ரிடேஸ் கத்தரியை மழுங்கடித்தால் போதும் என்று தோன்றும். அதற்கான மருந்துகள் தயாராகவே இருந்தன, வேறொரு வாசலில் இருந்து. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டை வெட்டிக் கொடுப்பதும் இதே கத்தரிதான். அப்படி உருவான செமகாசிஸ்டாட் மருந்தின் பெரிய சோதனைகள் 2010-ல் நிறுத்தப்பட்டன. நினைவாற்றல் இன்னும் மோசமானது, தோல் புற்றுநோய் கூடியது. தோல் புற்று ஏன்? தோலில் நாட்ச் செய்யும் வேலை நேரெதிர்: அங்கே அது செல்லை முதிர வைத்துப் புற்றைத் தடுக்கிறது. குடலிலோ நாட்ச் அடைபட்டால் ஸ்டெம் செல்களின் வாரிசுகள் எல்லாம் சளி சுரக்கும் செல்களாகிவிடும். விளைவு, விடாத வயிற்றுப்போக்கு. புற்றுநோயாளிகளிடம் இந்த மருந்துகளைத் தொடர்ச்சியாகத் தர முடியாமல் போனது பெரிதும் இந்தக் குடலால்தான். இவ்வகை மருந்தில் நிரோகசெஸ்டாட் 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் டெஸ்மாய்டு என்ற வேறொரு வகைக் கட்டிக்கு, மார்பகத்துக்கு இல்லை.

விண்ட் பாதையின் வரலாறு மார்பகத்திலேயே தொடங்குகிறது. எலிகளில் தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்குப் பரவி மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. அது செல்லின் டிஎன்ஏவில் எங்கே போய்ச் செருகிக்கொள்கிறது என்று 1982-ல் ரோல் நுஸ்ஸே, ஹெரால்டு வார்மஸ் இருவரும் தேடினார்கள். அடிக்கடி அகப்பட்ட இடத்துக்கு இன்ட்1 என்று பெயரிட்டார்கள். பழ ஈயில் இறக்கை இல்லாமல் செய்யும் விங்லெஸ் மரபணுவும் இதுவும் ஒன்றே என்று பின்னர் தெரிய, இரண்டு பெயரையும் ஒட்டி விண்ட் என்றானது. (நாட்ச்4-ம் இதே வைரஸின் செருகல்களைத் தேடியதில்தான் வெளிப்பட்டது. எலி வைரஸுக்கு நாம் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.)

விண்ட் இயங்கும் விதம் வேடிக்கையானது. செல் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை ஓயாமல் தயாரிக்கும், தயாரித்த கையோடு ஏபிசி, ஆக்சின், ஜிஎஸ்கே3 அடங்கிய கூட்டணி அதை அழித்துக்கொண்டே இருக்கும். விண்ட் வந்து ஃபிரிஸில்டு ஏற்பியைத் தொட்டால் அந்த அழிப்புக் கூட்டணி முடங்கும். பீட்டா-கேட்டனின் குவிந்து, உட்கருவுக்குள் போய், 'பெருகு' என்று சொல்லும் மரபணுக்களை இயக்கும். குடல் புற்றில் ஏபிசி மரபணுவே உடைந்திருக்கும், அதனால் விண்ட் இல்லாமலே பாதை திறந்து கிடக்கும். மார்பகப் புற்றில் அப்படிப்பட்ட உடைப்புகள் அரிது. இங்கே பாதை திறந்திருப்பதற்குக் காரணம், விண்டைத் தட்டிப் பறிக்கும் எஸ்எஃப்ஆர்பி1 போன்ற புரதங்கள் மௌனமாக்கப்பட்டிருப்பதும், சுற்றியிருப்பவர்கள் விண்டைக் கூடுதலாக ஊட்டுவதும்தான்.

'சுற்றியிருப்பவர்கள்' என்றதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2012-ல் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த எலி ஆய்வு அது. மார்பகக் கட்டியில் இருந்து பிரிந்த ஸ்டெம் செல் நுரையீரலில் போய் இறங்குகிறது. புது இடம், யாரையும் தெரியாது. அங்குள்ள நார்த்திசுச் செல்களைத் தூண்டி பெரியோஸ்டின் என்ற புரதத்தைச் சுரக்கவைக்கிறது. அந்தப் பெரியோஸ்டின் விண்டைப் பிடித்துத் தேக்கி ஸ்டெம் செல்லுக்குக் கொடுக்கிறது. பெரியோஸ்டின் இல்லாத எலிகளில் செல்கள் நுரையீரல் வரை வந்து சேர்கின்றன, ஆனால் கட்டி வளர்வதில்லை. விதை வந்தும் மண் கிடைக்கவில்லை.

இந்தப் பாதையைத் தடுக்கும் மருந்துக்கு விலை கேட்டது எலும்பு. எலும்பு வலுவாக இருக்க விண்ட் வேண்டும். ஃபிரிஸில்டு ஏற்பிகளை மூடும் வான்டிக்டுமாப் என்ற எதிரணு (குறிப்பிட்ட ஒரு இலக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) மருந்தை மார்பகப் புற்றில் முயன்றபோது சிலருக்கு எலும்பு முறிந்தது, சோதனை நின்றது.

ஹெட்ஜ்ஹாக்கில் அதிக நேரம் செலவிட மாட்டேன். மார்பக ஸ்டெம் செல்லில் அது பிஎம்ஐ1 என்ற மரபணு அடக்கி வழியாகப் புதுப்பித்தலுக்கு உதவுகிறது. ஆனால் பல மார்பகக் கட்டிகளில் புற்றுச் செல் ஹெட்ஜ்ஹாக்கைச் சுரக்க, அதைக் கேட்பவர்கள் சுற்றியுள்ள நார்த்திசுச் செல்கள்தான். இதைத் தடுக்கும் மருந்தின் பூர்வீகம் மட்டும் சொல்லத் தக்கது: 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு காட்டுச் செடியைத் தின்ற சினை ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. செடியில் இருந்த சைக்ளோபமைன் என்ற பொருள் ஹெட்ஜ்ஹாக் பாதையில் ஸ்மூதன்டு புரதத்தை அடைப்பதாகப் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. அதே இலக்கைத் தாக்கும் விஸ்மோடெகிப் 2012-ல் ஒரு வகைத் தோல் புற்றுக்கு மருந்தானது. மார்பகத்தில் அது இடம் பிடிக்கவில்லை.

இந்த மூன்றும் பாடப் புத்தகத்துப் பிரபலங்கள். என்னைக் கேட்டால், மார்பகப் புற்றில் அன்றாட வேலையைச் செய்வது வேறு இரண்டு: ஹெர்2–பிஐ3கே கம்பியும், அழற்சிச் சுழலும்.

ஹெர்2 என்பது வளர்ச்சி ஏற்பி. அது கிளம்பினால் பிஐ3கே, ஏகேடி என்று செய்தி உள்ளே இறங்கும். ஏகேடி போய் ஜிஎஸ்கே3-ஐ அடக்கக்கூடியது. ஜிஎஸ்கே3 யார்? மேலே பீட்டா-கேட்டனினை அழித்த கூட்டணியில் ஒருவர். பிடென் என்ற தடுப்புப் புரதம் தொலைந்த செல்களில் இந்த வழியாக ஸ்டெம் செல் கூட்டம் பெருகுவதை மிச்சிகன் குழு காட்டியது. அதாவது விண்ட் வாசலைப் பூட்டினாலும் கொல்லைப்புறமாக அதே பீட்டா-கேட்டனின் வந்து சேரலாம். பாதைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைவது நமது வசதிக்கு. செல்லுக்குள் அவை சந்து பொந்தெல்லாம் இணைந்த தெருக்கள். இன்னொரு சந்து: ஹெர்2 ஓங்கியிருக்கும் செல்லில் நாட்ச்1 அடங்கியிருக்கும், டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கொடுத்து ஹெர்2-ஐ அடக்கினால் நாட்ச்1 தலைதூக்குவதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஹெர்2 விவகாரத்தில் ஒரு பாடமும் உண்டு. பழைய டிராஸ்டுசுமாப் சோதனை ஒன்றின் திசுக்களை மறுபடி பரிசோதித்தபோது, ஹெர்2 பெருகாத சில பெண்களுக்கும் மருந்து பலன் தந்தது போலத் தெரிந்தது. ஸ்டெம் செல்காரர்களிடம் அழகான விளக்கம் தயாராக இருந்தது: கட்டி முழுக்க ஹெர்2 இல்லாவிட்டாலும் அதன் ஸ்டெம் செல்களில் மட்டும் இருக்கிறது, மருந்து அவற்றைக் கொன்றது. எலியிலும் அதற்கு ஆதாரம் கிடைத்தது. பி-47 என்ற சோதனையில் ஹெர்2 குறைவாக உள்ள 3,270 பெண்களைச் சேர்த்து நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. எவ்வளவு கச்சிதமான கதையானாலும் மனிதரில் சோதிக்கும் வரை அது கதைதான். (2022 முதல் ஹெர்2 குறைவான நோயில் பயன்படும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எதிரணுவின் முதுகில் கீமோவைக் கட்டி அனுப்பும் வேறு உத்தி.)

அடுத்தது அழற்சி. 2009-ல் ஹார்வர்டில் கெவின் ஸ்ட்ரூல் குழுவினர் செய்த சோதனையை இப்போது படித்தாலும் சிலிர்க்கிறது. சாதாரண மார்பகச் செல்களில் சார்க் என்ற புற்று மரபணுவைச் சில நிமிடங்கள் மட்டும் இயக்கிவிட்டு அணைத்தார்கள். செல்கள் புற்றுத்தன்மைக்கு மாறின, பல தலைமுறைகள் அப்படியே இருந்தன. டிஎன்ஏ மாற்றம் எதுவும் காரணமில்லை. நடந்தது ஒரு சுழல்: என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சிப் புரதம் எழுந்து லின்28 என்ற புரதத்தை எழுப்பியது. லின்28 லெட்-7 என்ற குட்டி ஆர்என்ஏவைக் குறைத்தது. லெட்-7 அடக்கி வைத்திருந்த ஐஎல்-6 என்ற அழற்சிச் செய்திப் புரதம் கிளம்பியது. ஐஎல்-6 திரும்பி வந்து என்எஃப்-கப்பா-பியை எழுப்பியது. ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல் தன்னைத்தானே தள்ளிக்கொண்டது போல. இந்தச் சுழலில் ஸ்டேட்3 என்ற புரதமும் சேர்ந்துகொள்ளும். ஐஎல்-6 வெளியே சுரக்கும் பொருள் என்பதால் பக்கத்துச் செல்லுக்கும் தொற்றும். அப்புறம் நார்த்திசு, கொழுப்புத் திசு, எதிர்ப்புச் செல்கள் என்று கட்டியைச் சுற்றி இருப்பவையும் இதே ஐஎல்-6-ஐச் சுரக்கின்றன.

இதன் சகோதரன் ஐஎல்-8. ஸ்டெம் செல்லில் அதற்கான ஏற்பி சிஎக்ஸ்சிஆர்1. கீமோவில் சாகும் செல்கள் ஐஎல்-8-ஐ உமிழ்கின்றன. அது பிழைத்த ஸ்டெம் செல்லுக்கு உரமாகிறது. கட்டியைக் கொன்ற மருந்தே விதைக்குத் தண்ணீர் ஊற்றியது போல ஆகிறது. சிஎக்ஸ்சிஆர்1-ஐ அடைக்கும் ரெபாரிக்சின் எலிகளில் பிரமாதமாக வேலை செய்தது. மும்மடங்கு எதிர்மறை (ஹெர்2-ம் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத) மார்பகப் புற்று பரவிய பெண்களிடம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சோதனையில் நோய் கட்டுப்பட்டிருந்த காலம் நீளவில்லை. ஏன் என்று கேட்டால், ஐஎல்-6 திறந்தே இருந்ததே என்பார் ஒருவர். பரவிய நோயில், கட்டி சுருங்குகிறதா வளர்கிறதா என்று அளந்தால் ஸ்டெம் செல் மருந்தின் அருமை தெரியாது என்பார் இன்னொருவர். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது: நூறில் ஐந்து செல்லைக் கொல்லும் மருந்து ஸ்கேனில் எதையும் காட்டாது. ஆனால் அந்த வாதம் எந்தத் தோல்விக்கும் சாக்காகிவிடும் அபாயமும் உண்டு.

ஆக்சிஜன் பஞ்சமும் இதே திசையில் தள்ளும். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைக்கும் பெவாசிசுமாப், சுனிடினிப் மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி சுருங்கியது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத பகுதிகளில் அந்தப் பஞ்சத்துக்கு எதிர்வினையாற்றும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் எழுந்து, பீட்டா-கேட்டனின் வழியாக ஸ்டெம் செல்கள் கூடியிருந்தன. பெவாசிசுமாப்புக்கு மார்பகப் புற்றில் அளித்த அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் திரும்பப் பெற்றது, ஆயுள் நீளவில்லை என்பதால். எலியில் கண்டதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பொருந்திப் போகிறது.

இப்போது நாற்காலிக்கு வருவோம். 2008-ல் ராபர்ட் வெயின்பெர்க் ஆய்வகத்தில், மார்பகச் செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப் புரதத்தைக் கொடுத்தோ, ஸ்னெய்ல், ட்விஸ்ட் மரபணுக்களை இயக்கியோ, அணிவகுத்து நிற்கும் செல்லைப் பிடிப்பை விட்டு நகரும் செல்லாக மாற்றினார்கள். மாறியவை சிடி44 அதிகம், சிடி24 குறைவு என்ற அடையாளத்தை ஏற்றுக்கொண்டன, உருண்டைகளும் உண்டாக்கின. 2011-ல் யாரும் எதையும் கொடுக்காமலே இது நடப்பது தெரிந்தது. ஸ்டெம் அல்லாத செல்களை மட்டும் வடித்தெடுத்துத் தனித் தட்டில் வளரவிட்டால், கொஞ்ச நாளில் அதற்குள் ஸ்டெம் செல்கள் தோன்றி, பழைய விகிதமே திரும்பிவிடுகிறது. சில வகைச் செல்களில் இசட்இபி1 என்ற மரபணு முழுதாக அணைக்கப்படாமல், ஒரு தள்ளுக்குக் காத்து நிற்கிறது. டிஜிஎஃப்-பீட்டா வந்தால் அந்தத் தள்ளு கிடைத்துவிடும். அந்த டிஜிஎஃப்-பீட்டாவையே பாக்லிடாக்சல் கூட்டிவிடுவதாகவும் ஆய்வுகள் உண்டு.

ஆக, நாட்ச்சை அடைத்து இருக்கும் ஸ்டெம் செல்களை எல்லாம் கொன்றாலும், அழற்சியும் டிஜிஎஃப்-பீட்டாவும் ஆக்சிஜன் பஞ்சமும் அங்கேயே இருக்கும் வரை நாற்காலி காலியாக இருக்காது. ஸ்டெம் அல்லாத பெருங்கூட்டத்தை மட்டும் கொன்றாலும் இதே கதி. இரண்டையும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். அதுவும், விளிம்பில் அடங்கிக் கிடப்பவை உள்ளே பெருகுபவையாக மாறும் வேகத்துக்கு ஈடுகொடுத்து. மூன்று பாதைகளையும் ஒன்றாக அடைத்தால் குடல், எலும்பு, தோல் மூன்றும் சேர்ந்து கேட்கும் விலையை எந்த உடம்பும் கொடுக்க முடியாது.

நம்பிக்கை தரும் ஒரே ஒரு பழைய முடிவைச் சொல்கிறேன். 2008-ல் வெளியான ஆய்வு அது. அறுவைக்கு முன் கீமோ பெற்ற பெண்களின் கட்டியில் சிடி44 வகைச் செல்களின் பங்கு சராசரியாக 4.7 சதவீதத்தில் இருந்து 12 வாரத்தில் 13.6 சதவீதமாக ஏறியது. கட்டி சுருங்கச் சுருங்க இவற்றின் பங்கு கூடியது. அதே ஆய்வில் ஹெர்2 கட்டிகளுக்கு, ஹெர்2-ஐ அடக்கும் லபாடினிப் மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பங்கு ஏறவில்லை, கொஞ்சம் குறைந்ததுபோலவே இருந்தது. ஹெர்2 நோயில் ஒரே கம்பிதான் ஸ்டெம் செல்லையும் மற்ற செல்லையும் சேர்த்து வாழவைக்கிறது. அதனால் அதை அறுத்தால் இரண்டும் ஆட்டம் காண்கின்றன. ஹெர்2 மருந்துகளின் வெற்றிக்கு இது ஒரு பங்கு காரணம் என்று நினைக்கிறேன். மும்மடங்கு எதிர்மறை நோயில் அப்படி ஒரு பொதுக் கம்பி இன்னும் அகப்படவில்லை.

கடைசியாகச் சாலினோமைசின். 2009-ல் வெயின்பெர்க், எரிக் லேண்டர் குழுவினர் ஏறக்குறைய 16,000 வேதிப்பொருள்களைச் சலித்து அதைக் கண்டெடுத்தார்கள். பாக்லிடாக்சலோடு ஒப்பிட்டால் அது ஸ்டெம் செல் விகிதத்தை நூறு மடங்குக்கு மேல் குறைத்தது. நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது கோழித் தீவனத்தில் ஒட்டுண்ணிக்காகக் கலக்கும் பொருள். சவ்வுகளின் குறுக்கே பொட்டாசியம் அயனிகளைக் கடத்திவிடும். கோழி தாங்கும் அளவைக் குதிரை தின்றால் தசையும் இதயமும் சிதைந்து செத்துப்போகும். மனிதரிலும் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

அது எப்படிக் கொல்கிறது என்பது 2017-ல் பாரிஸ் குழு ஒன்றால் ஓரளவு தெளிவானது. சாலினோமைசினும் அதில் இருந்து செய்த அயர்னோமைசினும் செல்லின் லைசோசோம் என்ற குப்பைப் பைக்குள் இரும்பைச் சிறைவைக்கின்றன. இரும்புப் பஞ்சம் என்று நினைத்து செல் தன் இரும்புக் கிடங்குகளை உடைத்து இன்னும் இரும்பை விடுவிக்கிறது. அது லைசோசோமில் குவிந்து கொழுப்புச் சவ்வை ஆக்சிஜனேற்றி அரிக்கிறது. சிடி44 செல்களுக்கு இரும்புப் பசி அதிகம் என்பதால் அவை முதலில் சாகின்றன. நாட்ச்சோ விண்டோ ஹெட்ஜ்ஹாக்கோ இதில் தலைகாட்டவே இல்லை.